ஃப்ரிட்ஜின் முதுகு

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுமையாக இதைப் படியுங்கள். போன வாரம் புழுக்கம் தாங்காமல் ஃப்ரிட்ஜ் கதவை ஆவென்று திறந்து போட்டு, அதன் முன்னால் பாய் விரித்துப் படுத்திருந்தீர்களே, அன்றைக்கு நான் போட்ட சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. "ஏசியும் வாங்கித் தர மாட்டேங்குற, இதையும் விட மாட்டேங்குற" என்று பாப்பா முனகியதும் காதில் விழுந்தது. கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். காரணம் சொல்லாமல் கத்தினால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்? நான் பத்தாவதோடு நின்றவன். உங்கள் அறிவியல் புத்தகத்தில் உள்ளதுபோலப் படம் போட்டு அம்புக்குறி போட்டு விளக்க எனக்கு வராது. எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் தெரியும். சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. காரைக்காலுக்குக் கிழக்கே கடலோரத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், பின்கட்டில் அம்மாவும் நானும். அப்பா கேரளா பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு கட்டுக்கும் ஒரே மீட்டர். அது பெரியப்பா பேரில் இருந்தது, அவர் வீட்டு வெளிச்சுவரில்தான் மாட்டியிருந்தது. இப்போது நம் வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்து மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் தகரத் தட்டு மாதிரி ஒரு சக்கரம் படுத்தவாக்கில் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. வீட்டில் கரண்ட் அதிகமாக ஓடினால் சக்கரம் வேகமாகச் சுற்றும், குறைவாக ஓடினால் நத்தையாக நகரும். பெரியப்பா தினமும் பல் விளக்கிக்கொண்டே அந்தச் சக்கரத்தைப் பார்ப்பார்.

அம்மா மீன் கூடையோடு டவுனுக்குப் போய் வீடு வீடாக விற்பாள். அதில் ஒரு வீடு பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் அம்மாள் வீடு. எல்லோரும் அவரை மதாம் என்பார்கள். மகனோடு இருக்க பிரான்சுக்கே கிளம்பியபோது, பதினைந்து வருஷமாகத் தன் வாசலில் கூடை இறக்கியவளுக்கு அந்த மதாம் ஒரு ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளை நிறம், ஒற்றைக் கதவு, மூலையில் கொஞ்சம் துரு. "சுவத்துல ஒட்டாதே, ஒரு சாண் விட்டு வை" என்று மட்டும் சொன்னாராம். மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கயிறு கட்டி ஏற்றி, அம்மா பின்னாலேயே நடந்து வந்தாள். எங்கள் தெருவில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ்.

அது வந்த பிறகு அம்மா மாறிப்போனாள். மீன் விற்கிறவளுக்குப் பகல் பன்னிரண்டு மணி ஆனால், விலை சொல்லும் உரிமை வாங்குகிறவர் கைக்குப் போய்விடும். இவள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், நாறிப்போகுமே என்று அவர்களுக்குத் தெரியும். வேண்டுமென்றே வெயில் ஏறும்வரை காத்திருந்து வாசலுக்கு வருகிறவர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். ஒருவர் கூடையைக் கிளறிவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அம்மா கூடையை மூடினாள்.

"வேணாம்னா விடுங்க. நாளைக்கு வேற யாருக்காச்சும் குடுத்துக்குறேன்."

"நாளைக்கா? அதுவரைக்கும் மீன் இருக்குமா?"

"எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குதுங்க."

அவர் பத்து அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். அம்மா கேட்ட விலையையே கொடுத்தார். அன்றைக்கு வீடு திரும்பும்போது காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாளுக்கு மீன் மிஞ்சினால், "நேத்து மீனு, பெட்டில இருந்தது" என்று சொல்லித்தான் விற்பாள். அதை மறைக்க மாட்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. கருவாடு போட வழியில்லை. காயப்போட்டதெல்லாம் புழு வைத்தது. அந்தச் சமயத்தில்தான் என் கோலி ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உருண்டு போனது. கையை விட்டுத் துழாவினேன். பின்பக்கத்தில் ஏணி மாதிரி அடுக்கடுக்காகக் கறுப்புக் கம்பிகள். தொட்டால் சுடுகிறது! முன்னால் திறந்தால் பனி, பின்னால் அடுப்பு. இவ்வளவு சூடு சும்மா சுவரில் போய் வீணாகிறதே, இதைச் செய்தவனுக்கு மூளை இல்லையா என்று நினைத்தேன்.

கடற்கரையில் வலை இழுக்கக் கை கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கை மீன் தருவார்கள். எனக்குக் கிடைத்த நெத்திலியை உப்புத் தண்ணீரில் முக்கி, நைலான் நூலில் கோத்து, அந்தக் கம்பிகளில் மாலை மாலையாகத் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் நொறுங்கக் காய்ந்துவிட்டது. ஊரில் ஒருத்தர் வீட்டிலும் கருவாடு இல்லாத மழைக்காலத்தில் என்னிடம் மட்டும் இருந்தது. ஒரு டப்பா நிறையச் சேர்த்து அம்மாவை அசத்த வேண்டும் என்று திட்டம். இன்னும் கோத்தேன், இன்னும் தொங்கவிட்டேன். மணம் வெளியே வராமலிருக்க நனைந்த சாக்கு ஒன்றை மேலே போர்த்தினேன். ஆள் கண்ணில் படக்கூடாதென்று முதுகைக் கொடுத்து நெம்பி, ஃப்ரிட்ஜைச் சுவரோடு சேர்த்துவிட்டேன். இருட்டு மூலை, அம்மா அதைக் கவனிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிரைச் செய்வதில்லை. படகுக்குள் தண்ணீர் ஊறினால் என்ன செய்வோம்? வாளியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டுவோம். ஃப்ரிட்ஜும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிப் பின்பக்கக் கம்பிகள் வழியாக வெளியே கொட்டுகிறது. அள்ளி முடித்தால் மோட்டார் ஓயும். மறுபடி சூடு ஊறினால் மறுபடி அள்ளும். நீங்கள் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருந்தால், படகில் ஓட்டை போட்டுவிட்டு இறைக்கச் சொல்வது மாதிரி. முன்னால் வருகிற குளிரைவிடப் பின்னால் கொட்டுகிற சூடுதான் அதிகம், அறை இன்னும் புழுங்கும். நான் செய்தது வேறு. கொட்டுகிற பக்கத்தை அடைத்துவிட்டேன். மோட்டார் இறைத்துக்கொண்டே இருந்தது, சூடு போக வழியில்லை.

பெட்டி ஓயாமல் உறும ஆரம்பித்தது. ஐஸ் உறையவில்லை. அம்மா உள்ளே குளிரைக் கூட்டுகிற திருகைக் கடைசிவரை திருப்பினாள், இன்னும் உறுமியது. முன்கட்டில் பெரியப்பாவின் டிவியில் படம் அடிக்கடி சுருங்கியது. மீட்டர் சக்கரம் விடியற்காலையிலும் நிற்பதில்லை என்று அவர் கண்டுபிடித்தார். பெரியப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். பக்கத்துத் தெருவில் ஒயர் உருகிக் கீற்று வீடு ஒன்று எரிந்ததைப் பார்த்தவர்.

"இந்தா பாரும்மா, இந்த லைன் தாங்காது. வீடு பத்திக்கிட்டா யாரு பொறுப்பு? பஸ் ஸ்டாண்டு சோடாக் கடைக்காரரு பெட்டியை எடுத்துக்குறேன்னாரு. ஞாயித்துக்கெழம வண்டியோட வருவாரு" என்றார்.

அவர் வீடு, அவர் பேரில் மீட்டர்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருக்குல்ல மாமா?" என்று கேட்டாள். அப்பாவின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அம்மா கூடை எடுக்கவில்லை. முன்கட்டு வாசலில் போய் நின்று, "மாமா, எது எவ்வளவு குடிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் குடுப்போம். எல்லாத்தையும் அமத்துங்க" என்றாள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மீன் எண்ணி எண்ணி, எண்ணுவதில் மட்டும் அவளை யாரும் அசைக்க முடியாது. தெருப் பெண்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பெரியப்பாவின் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, ஐந்து நிமிஷம் ஆனதும் சொல்லச் சொன்னாள்.

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்ததும் சக்கரம் நின்றது. பிறகு ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டோம். சக்கரம் சோம்பலாக நகர்ந்தது. கறுப்புக் கோடு ஒவ்வொரு முறை வரும்போதும் அம்மா எண்ணினாள். எங்கள் பக்கம் மீன் எண்ணினாலும் நெல் அளந்தாலும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அம்மாவும் அப்படியே, "லாபம்… ரெண்டு… மூணு…" என்றாள்.

"கரண்ட்டு ஓடுறது உனக்கு லாபமா? நட்டம்னு எண்ணும்மா!" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணை எடுக்காமல், "நாலு" என்றாள்.

மின்விசிறிக்கும் நாலுக்குச் சற்று மேல். டிவிக்கு ஆறு. பிறகு அம்மா பெரியம்மாவைப் பார்த்து, "அக்கா, அந்தத் தண்ணி காய்ச்சுற கம்பியைக் கொண்டாங்க" என்றாள். முட்டி வலிக்காகப் பெரியப்பா வெந்நீரில்தான் குளிப்பார். வாளித் தண்ணீரில் கம்பியை முக்கி, கையை எடுத்துக்கொண்டு, பிறகு சுவிட்சைப் போட்டார்கள். சக்கரம் விறுவிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. ஐந்து வினாடிக்கு ஒரு தரம் கோடு வந்து வந்து போனது. அம்மாவின் உதடு மட்டும் ஓடியது. நான் "அஞ்சு நிமிஷம்" என்றதும், "அறுவது, ரெண்டு கூட" என்றாள்.

கடைசியாக எங்கள் ஃப்ரிட்ஜ். பத்து.

"பாருடி, வெந்நி போடுறதுக்கு அறுவதாம், ஃப்ரிட்ஜுக்குப் பத்துதானாம்!" என்று ஒருத்தி கை தட்டினாள். "யக்கா, எங்க வூட்டுக்கும் வந்து எண்ணிக் குடுக்கா. எங்க மாமியா மிக்ஸியைத் தொடவே விட மாட்டேங்குது" என்றாள் இன்னொருத்தி. அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. படிக்காதவள், ஒரு மீட்டரையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று ஒரு தெருவுக்கே காட்டினாள். சூடு பண்ணுகிற சாமான்தான் வேகமாகக் குடிக்கும் என்பதை நான் அங்கேதான் படித்தேன்.

ஆனால் பெரியப்பா விடவில்லை. "சரி, கம்பி அறுவதுதான். நான் அதைக் கால் மணி நேரம்தானே போடுறேன்? உன் பெட்டி நாள் பூரா ஓடுதே. டேய், கணக்குப் போடுடா" என்றார்.

சிலேட்டில் போட்டேன். கம்பி கால் மணி நேரத்துக்கு நூற்று எண்பத்தாறு சுற்று. ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரத்துக்கே நூற்று இருபது. இரண்டு மணி நேரத்துக்குள் கம்பியைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு இருபத்திரண்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதோடு எவ்வளவு நேரம் குடிக்கிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும், பிள்ளைகளே. பெரியப்பா சொன்னது நியாயம். அம்மா தோற்கப் போகிற கணக்கை என் கையாலேயே போட்டுக் காட்டினேன்.

அம்மா சிலேட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஓயணும் மாமா. மதாம் வீட்ல நான் எத்தன நாள் பாத்திருக்கேன். கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் மூச்சே இருக்காது. இப்ப ஏதோ அதை ஓய விடாமப் பண்ணுது. பெட்டிய இழுத்துப் பாத்துருவோம்."

ஓடிவிடலாமா என்று பார்த்தேன், வாசல் முழுக்க ஆட்கள். அம்மா முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பெரியப்பா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துத் திருப்பினார்கள். முதலில் வந்தது நாற்றம். பிறகு ஈரச் சாக்கு. அதைத் தூக்கியதும் என் நெத்திலி மாலைகள் தோரணம் கட்டினாற்போல வரிசையாகத் தொங்கின. கம்பிகளில் உப்புப் பூத்திருந்தது.

பெரியப்பாதான் கேட்டார், "யாரு வேல இது?"

அம்மா நூல் முடிச்சைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் மாமா. மழையா இருக்கே, காயட்டும்னு போட்டேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, இவ்ளோ நேரம் சக்கரத்த எண்ணி எங்களுக்கெல்லாம் வாத்திச்சி வேல பாத்தியே, உன் பெட்டிக்குப் பின்னால என்னா இருக்குன்னு உனக்கே தெரியலையா?" வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் தலையைக் குனிந்து சிரித்தாள். சாக்கைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒரு சாண் தள்ளி வைத்து, ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, மத்தியானத்துக்கு மேல் பிளக்கைச் செருகினாள். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. பெரியப்பா குடையோடு மீட்டர் முன்னால் போய் நின்றுகொண்டார். வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. வெகு நேரம் கழித்து, "நின்னுடுச்சு! சக்கரம் நின்னுடுச்சும்மா!" என்று கத்தினார். உள்ளே போய்க் கேட்டோம். பெட்டிக்கு மூச்சே இல்லை. அரைமணி நேரம் அவரே மழையில் நின்று, மறுபடி சக்கரம் ஓடுவதையும் மறுபடி நிற்பதையும் பார்த்தார். மறுநாள் வண்டியோடு வந்த சோடாக் கடைக்காரரிடம், "பெட்டி குடுக்குறாப்புல இல்லிங்க, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பெட்டியை இழுத்த அன்று சாயங்காலமே அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அடி விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவள் என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு இடது கையையும் பார்த்தாள். மீன் வாடை அடிக்கிறதா என்று சோதிக்கிறாள், சாட்சி தேடுகிறாள் என்று நினைத்தேன். "போ, போயி சாப்பிடு" என்று விட்டுவிட்டாள். தப்பித்தேன் என்று ஓடினேன்.

தெருவில் அந்தப் பேச்சு ரொம்ப நாள் ஓயவில்லை. "என்னக்கா, இன்னிக்கு முன்னால மீனா, பின்னால கருவாடா?" என்று கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கூடையோடு போவாள். பக்கத்தில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். மீட்டர் எண்ணித் தரச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்ற ஒரு பொய் சொன்னாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை கை வைத்தான் என்று தெரிந்திருந்தால், பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பெட்டியே ஆகாது என்று பெரியப்பா அன்றைக்கே வண்டியில் ஏற்றியிருப்பார் என்பது தெரியாது. அந்தக் காலைப்பொழுதில் தெருவே அவளை நிமிர்ந்து பார்த்ததே, அதைத்தான் அவள் எனக்காகக் கீழே வைத்தாள் என்பதும் தெரியாது. அவள் கை ஏன் நடுங்கியது என்பது நீங்கள் இரண்டு பேரும் பிறந்து, தம்பி ஒரு நாள் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடப் போனதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அம்மா நெத்திலியைப் பார்க்கவே இல்லை. ஈரச் சாக்குக்கும் கரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்த என் கையைத்தான் பார்த்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா டவுனுக்குப் போயிருந்தாள், பின்கட்டில் நான் மட்டும். பிளக்கைப் பிடுங்கினேன். படகு இன்ஜினில் துரு ஏறாமல் அப்பா எண்ணெய் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, உப்புப் பூத்த கம்பிகளை மேலிருந்து கீழே வரை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிறகு கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகிவிட்டு, அது உறுமி ஓயும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.